கடைசிக்கு முந்தின சீட்

மிதுன்குமாருடைய கையெழுத்துக்கு ஒரு வால் உண்டு. கடைசி எழுத்திலிருந்து புறப்பட்டு, அடியில் வளைந்து, காகிதத்தின் ஓரம் வரை ஓடி, அங்கே இரண்டு புள்ளி வைத்துவிட்டுத்தான் நிற்கும். பத்தொன்பது வருடங்களாக அந்த வால் விழாமல் அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு டவுன் பஸ் சீட்கூட வெளியே போனதில்லை. மொத்தம் பதினோராயிரம் சீட். "நான் கையெழுத்துப் போட்ட சீட்ல இதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூ கழண்டதில்லீங்க" என்று கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லுவார். சாம்பார் ஊற்ற வந்தவரும் வாளியோடு நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஐம்பத்து மூன்றாவது வயதில் பிடித்து ஐந்து நாள் பயிற்சிக்குப் போ என்று அனுப்பினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பேசாமல் என்ன செய்ய, சட்டம் அப்படி வந்துவிட்டது. ஒரு பொருள் எவ்வளவு குலுக்கினாலும் தாங்கும் என்று சான்று கொடுக்கிறவர், அந்தக் குலுக்கலைத் தன் உடம்பில் பட்டு உணர்ந்தவராக இருக்க வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற காலம் மலையேறிவிட்டது. அதிர்சட்டை வந்துவிட்டது.

சூலூர் பக்கத்தில் இருந்த அந்த அதிர்வுச் சோதனைப் பயிற்சி நிலையத்தில் முதல் நாள் காலை ஷெரீன் அதை எடுத்துக் காட்டினாள். பயிற்சி கொடுக்கிறவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வந்திருந்த இருபது பேரில் பாதிப் பேருக்கு அவள் வயதில் மகள் இருந்தாள். சட்டை பார்க்க ஸ்வெட்டர் மாதிரிதான் இருந்தது. கழுத்திலிருந்து தொடை வரைக்கும் இறங்கியது, கை விரல் நுனி வரைக்கும் நீண்டது.

"சார், நம்ம மாவட்டத்துல நாலாயிரம் பேர் இடுப்புல ஒரு மெல்லிசான பட்டையைக் கட்டிக்கிட்டு, மூணு மாசம் அவங்க பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தாங்க. பட்டை அவங்க பட்ட குலுக்கல் எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்கு. ஒரு விரலைச் சொடக்கினாக்கூடப் பதிஞ்சிருக்கும். அதை இந்தச் சட்டை உங்க உடம்புல திரும்ப நடத்திக் காட்டும்."

"யாருங்க அந்த நாலாயிரம் பேரு?" என்றார் மிதுன்குமார்.

"தெரியாது சார். தெரியவும் கூடாது. பேரு, வயசு, ஆணா பொண்ணா, குண்டா ஒல்லியா, எதுவும் பதிவுல கிடையாது. உங்க எடைக்குத் தகுந்த மாதிரி சட்டையே கூட்டிக் குறைச்சுக்கும்."

"அப்பறம் பரீட்சைன்னு சொன்னாங்களே?"

"ஒரு பதிவு போடுவோம். கண்ணை மூடிட்டு உணரணும். என்ன பொருள், என்ன குறை, எங்க சரி பண்ணணும், மூணு கேள்வி. ஆளுக்கு மூணு வாய்ப்பு. மூணுலயும் தவறினா..." என்று ஷெரீன் கொஞ்சம் தயங்கினாள். "கையெழுத்து அதிகாரம் போயிடும் சார்."

மிதுன்குமாருடைய கம்பெனியில் கையெழுத்து அதிகாரம் போனவர்களுக்கு ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே வால் வைத்த கையெழுத்தை எவன் கேட்கப் போகிறான்?

செவ்வாய்க்கிழமை முதல் வாய்ப்பு. சட்டையை மாட்டினார், கண்ணை மூடினார், ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட்டார். பதிவு ரயிலின் கீழ் பெர்த் என்று பிறகுதான் தெரிந்தது. எழுப்பிக் கேட்டபோது "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். அது மூன்று கேள்வியில் எதற்கும் பதில் இல்லை.

புதன்கிழமை இரண்டாவது வாய்ப்பு. இந்த முறை தூங்கவில்லை. ஆனால் ஒன்றும் விளங்கவும் இல்லை. "கோட்டுப்படத்தை ஒருக்கா காட்டுங்க, டக்குனு சொல்லிப் போடறேன்" என்று கெஞ்சினார். முடியாது என்றார்கள். கடைசியில், கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நிற்கிற ஆள் என்று அடித்துச் சொன்னார். அது ஒரு இட்லிக் கடையில் கிரைண்டர் மேல் சாய்ந்து நின்றுகொண்டு மாவு தள்ளுகிறவரின் பதிவு. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவர் கிரைண்டரைத் தவறவிட்டால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் சிரித்தார்கள்.

ஜெரால்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தூத்துக்குடிக்காரர், லாரியில் போகிற சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கிறவர். சாதாரணமாக அவர் சிரிப்பு நாலு அறை தாண்டிக் கேட்கும். செவ்வாய்க்கிழமையே தேறிவிட்டவர், அன்றிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீனில் மட்டன் பிரியாணித் தட்டை அவர் தள்ளி வைத்ததைப் பார்த்து மிதுன்குமாரால் தாங்க முடியவில்லை.

"என்னுங்க ஜெரால்ட், உடம்புக்கு ஆகலீங்களா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எனக்குப் போட்டது ஆட்டு லாரியில்லா!"

"ஆட்டு லாரி டிரைவரோட பதிவுங்களா?"

"டிரைவரா இருந்தா பிரியாணி தின்னுருப்பேனே. ஆடு, அண்ணாச்சி! ஆட்டுக்கும் பட்டை கட்டிருக்காவ. அதுட்ட சம்மதம் கேட்டீயளான்னு கேட்டேன், அந்த டீச்சர் புள்ள சிரிக்குது." ஜெரால்ட் தயிர்சாதத்தைப் பிசைந்தார். "பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்து ஆட்டு மேல போய்ச் சாயுதேன். அதுவும் என் மேல சாயுது. ரெண்டு மணி நேரம் அப்படியே ஒருத்தருக்கொருத்தர் முட்டுக் குடுத்து நின்னோம், பாத்துக்கிடுங்க. அதுக்குப் பெறவு எப்படி அண்ணாச்சி கறியத் தொட?"

மிதுன்குமாருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "எனக்கு அப்படியெல்லாம் வராதுங்க. நம்ம சீட்டைப் பத்திப் பத்தொன்பது வருசத்துல ஒரு புகார் வந்ததில்லை. ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாலும் சரி, ஒத்துக்கலாம்."

அது முழு உண்மையில்லை. ஒரு புகார் வந்திருந்தது. வீட்டிலிருந்து. அவர் மனைவி தாரணி உக்கடத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஒண்டிப்புதூரிலிருந்து தினமும் டவுன் பஸ். ஆறேழு வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், "ஏனுங்க, அந்தக் கடைசிக்கு முந்தின சீட்டு முதுகை ஒடிக்குதுங்க" என்றாள். அவர் அப்போதே லேப்டாப்பைத் திறந்து, சோதனைக் கோடு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினார். முடிவில், "சீட்டு சரியாத்தான் இருக்குது புள்ள, நீ உக்கார்ற விதம்தான் சரியில்லை" என்றார். தாரணி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. குறை தீர்ந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கும் இந்த மாதிரி ஒரு மண்டைக் கனம் இருக்கத்தானே செய்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி வாய்ப்பு. போவதற்கு முன்னால் ஜெரால்ட் அவர் தோளைப் பிடித்தார். "அண்ணாச்சி, யோசிக்காதீய. யோசிச்சா கிரஷர்தான் வரும். சும்மா உக்காந்து உடம்புல பட விடுங்க."

மிதுன்குமார் சட்டையை மாட்டினார். கண்ணை மூடினார்.

முதலில் அடியிலிருந்து ஒரு சன்னமான சுருதி ஏறியது. அது மோட்டார். அதற்கு மேல் மெதுவான ஆட்டம், நிறுத்தம், மறுபடி ஆட்டம். பஸ். சந்தேகமேயில்லை, டவுன் பஸ். அவருக்குச் சந்தோஷத்தில் துள்ள வேண்டும் போல் இருந்தது. பின்சக்கரம் இருக்கைக்குச் சற்று முன்னால் உருள்வது இடுப்பில் தெரிந்தது. ஆக, பின்பக்கம். கடைசி வரிசை என்றால் ஆட்டம் இன்னும் அதிகம் இருக்கும். இது கடைசிக்கு முந்தின வரிசை. சீட்டின் கம்பி தொடையில் தொடுகிற இடம் அவருக்கு மனப்பாடம். அது அவருடைய சீட். அவர் வால் போட்ட சீட்.

'அட, நம்ம பொருளையே போட்டுட்டாங்க!' என்று நினைத்து முடிப்பதற்குள், பதிவில் இருந்த உடம்பு லேசாக எழுந்தது. கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. எதற்கு? ரோடு சமமாகத்தானே இருக்கிறது? இரண்டு விநாடி கழித்து வேகத்தடை வந்தது. பஸ்ஸெல்லாம் மின்சாரத்துக்கு மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, நம் ஊர் வேகத்தடை மட்டும் மாறவில்லை. தூக்கிப் போட்டது. விழுந்த வேகத்தில் சீட் ஐந்தாறு தடவை தானாக மேலும் கீழும் ஆடியது. ஒவ்வொரு ஆட்டமும் முதுகின் அடியில் ஒரே இடத்தில் வந்து குத்தியது. "அம்மா!" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

அந்த உடம்பு கத்தவில்லை. அதற்குப் பழகியிருந்தது. கை பின்னால் போய், முஷ்டியால் இடுப்பில் இரண்டு குத்து. பிறகு கன்னத்தில் மூன்று தட்டு. வேகத்தடையை ஒட்டி ஒரு கோயில் இருக்க வேண்டும். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகச் சொடக்கின. சுண்டு விரல் மட்டும் இரண்டு தடவை.

மிதுன்குமார் மனதுக்குள் எண்ணினார். இடுப்பில் இரண்டு குத்து, சொடக்கு, சுண்டு விரல் இரண்டு தடவை. வீட்டில் சோபாவிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் இதைச் செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். ஒண்டிப்புதூர் ரோட்டில் அந்த வேகத்தடைப் பிள்ளையாரைத் தாண்டித்தான் அவள் தினமும் போகிறாள்.

இரண்டாவது நாள் ஓடியது. மறுபடி எழுந்தது, குத்தியது, தட்டியது, சொடக்கியது. மூன்றாவது நாள். நான்காவது நாள். ஏழாவது நாள் அந்த உடம்பு உட்காரவேயில்லை, வழி முழுவதும் நின்றே போனது. அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவும் தோன்றவில்லை. தாரணி, தாரணி, நான் உனக்குக் கோட்டுப்படம் காட்டினேனே!

சட்டையைக் கழற்றியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. ஷெரீன் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"டவுன் பஸ் சீட்டுங்க. எங்க கம்பெனிது, கே-ஏழு மாடல். கடைசிக்கு முந்தின வரிசை" என்றார்.

"குறை?"

"சீட் உடையாதுங்க. நூறு வருசமானாலும் உடையாது. நான் அதை மட்டும்தான் பார்த்தேன். ஆனா வேகத்தடை ஏறி எறங்குனா, செகண்டுக்கு அஞ்சு தடவை ஆடுது. மனுசன் முதுகெலும்பும் அதே அஞ்சுலதானுங்க ஆடும். ஊஞ்சல் வர்றப்ப வர்றப்பப் பார்த்துத் தள்ளிவிட்டா எப்படி ஏறும்? அப்படி ஏத்திவிடுது."

"அது எப்படி சார் உங்க சோதனைல தெரியாம போச்சு?"

"சோதனை மேசையில சீட்டைப் பூட்டறதுக்கு ஒரு அடிக்கட்டை செஞ்சு வெச்சிருக்கறேன். ரெண்டு இஞ்சு கனத்துல அலுமினியம். நானே வரைஞ்சது, அசையவே அசையாது. அதுல பெருமை வேற. ஆனா பஸ்ஸுக்கு அடியில இருக்கறது தகரங்க. தகரம் வளையும். சீட்டும் தகரமும் சேர்ந்துதான் அந்த அஞ்சு வருது. நான் சீட்டைச் சோதிச்சேன். பஸ்ல இருக்கற சீட்டைச் சோதிக்கலை. ஆளுக்குப் பதிலா மணல் மூட்டைய வெச்சேன். மணல் மூட்டைக்கு முதுகு ஏது?"

"சரி பண்றது?"

"அடியில ஒரு ரப்பர் பட்டை, பின்னாடி ஒரு குறுக்குக் கம்பி. அஞ்சு மூணாயிரும். ஆறு மாசத்துல எல்லாத்தையும் மாத்திப் போடலாமுங்க."

ஷெரீன் சான்றுத் தாளை நகர்த்தினாள். கே-ஏழு என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே இரண்டு கட்டம். தகுதி உண்டு, தகுதி இல்லை. பேனாவைக் கையில் எடுத்தார். அடுத்த மாதம் அவருக்குத் தலைமைப் பொறியாளர் பதவி வருவதாக இருந்தது. பதினோராயிரம் சீட்டைத் திரும்பக் கூப்பிடுகிறவனுக்கு யார் அதைக் கொடுப்பார்கள்? பிறகு, சுண்டு விரல் இரண்டு தடவை சொடக்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. 'தகுதி இல்லை' கட்டத்தில் குறி போட்டார். கையெழுத்தும் போட்டார். வாலையும் இரண்டு புள்ளியையும் சேர்த்துத்தான்.

"சார், நீங்க பாஸ்" என்றாள் ஷெரீன். "உங்க சீட்தான் பெயில்."

வெளியே காத்திருந்த ஜெரால்ட் அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த அந்தச் சிரிப்பு நாலு அறை தாண்டிக் கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மல்லிகைப் பூவும் அல்வாவும் கையில். "தாரணி, என்னை மன்னிச்சிரு புள்ள" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வேகத்தடை, இடுப்புக் குத்து, பிள்ளையார், சொடக்கு என்று ஒன்று விடாமல் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். "நீ பட்டை கட்டிக்கிட்டதை எங்கிட்டச் சொல்லவே இல்லியே!"

தாரணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தப் பட்டைங்க?"

"இடுப்புல கட்டறது."

"நான் ஒரு பட்டையும் கட்டலீங்க. அந்த பஸ்ல போயே ரெண்டு வருசமாச்சு. கடைல கூட வேலை பார்க்கற கவுசல்யா கார்லதான் போயிட்டு வர்றேன்."

"ரெண்டு வருசமாவா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா லேப்டாப்பைத் திறப்பீங்க. எனக்கெதுக்குங்க வம்பு?"

மிதுன்குமார் அல்வாப் பொட்டலத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப அந்தச் சுண்டு விரலு? ரெண்டு தடவை?"

"கம்பிய அந்த இறுக்கு இறுக்கிப் பிடிச்சா விரலெல்லாம் மரத்துப் போயிருங்க. சுண்டு விரலை ரெண்டு தரம் சொடக்கினாத்தான் விடும். அந்த சீட்ல உக்கார்ற எல்லாருமே பண்ணுவாங்க. நான் அங்க கத்துக்கிட்டதுதான், இன்னமும் விட மாட்டேங்குது."

"அப்ப நான் யாருக்குப் புள்ள அவ்வளவு அழுதேன்?"

தாரணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருக்கோ அழுதீங்கல்ல, அது போதும்" என்று அல்வாவைப் பிரித்தாள். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் அந்த பஸ்ல போலாம். யாருன்னு பார்த்துட்டு வரலாம்."

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பது பஸ்ஸில் கூட்டம் சுமார்தான். கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், காது வரை மீசை, புரோட்டா அடித்து அடித்து உரம் ஏறின கை, மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. அவர் பக்கத்தில் மிதுன்குமார் உட்கார்ந்தார். தாரணி பின்னால் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரோடு சமமாகத்தான் இருந்தது. மீசைக்காரர் லேசாக எழுந்தார். அவருக்கு இந்தப் பக்கம் மிதுன்குமாரும் எழுந்தார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை, உடம்பே எழுந்தது. தூக்கிப் போட்டது. மீசைக்காரர் இடுப்பில் இரண்டு குத்து விட்டார், பிள்ளையாருக்குக் கன்னத்தில் மூன்று தட்டு போட்டார், விரல்களைச் சொடக்கினார், சுண்டு விரலை இரண்டு தடவை.

'இவரா! இவரையா நான் தாரணி என்று நினைத்து...' மிதுன்குமார் திரும்பி அந்தப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். பூக்கூடை வைத்திருந்த அம்மா இடுப்பில் குத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர், போனில் பேசிக்கொண்டே சொடக்கிக்கொண்டிருந்தார். டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டு பின்னால் நின்ற கண்டக்டர்கூடக் கன்னத்தில் போட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். பட்டை கட்டினது இவர்களில் யாராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

மீசைக்காரர் அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "என்னுங்க, அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. முதுகு எப்படி இருக்குதுங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க? இந்த சீட்டுக்குச் சரின்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பானில்லீங்க, அவன் மட்டும் ஒரு நா எங்கையில கெடைக்கட்டும்!" என்று அந்தக் கையை விரித்துக் காட்டினார். அது சின்னக் கையில்லை.

பின்னாலிருந்து தாரணியின் சிரிப்பு நழுவி வெளியே வந்துவிட்டது. மிதுன்குமார் ஸ்டோர் ரூமுக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கையை நீட்டினார்.

"கெடைச்சுட்டானுங்க. நான்தான். ஆறு மாசம் குடுங்க, எல்லாத்தையும் மாத்திப் போடறேன்."

மீசைக்காரர் அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் துடித்தது. பிறகு தூக்குப்போசியை எடுத்துக் காலடியில் வைத்தார். எழுந்து மிதுன்குமாருடைய கையைப் பிடித்து, தன் இடத்துக்கு, ஜன்னலோரத்துக்கு நகர்த்தி உட்கார வைத்தார்.

"அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க. இந்தப் பக்கம்தான் சக்கரத்துக்குக் கிட்ட. நல்லாத் தெரியும்" என்றார். "அடுத்த வேகத்தடை இதைவிடப் பெருசுங்க."